கேடயத்தில் ஏறிய எண்

துர்துபெக் வீட்டுக்கு நல்ல சேதி கொண்டு வந்தவர் யாரும் வெறுங்கையோடு திரும்பியது கிடையாது. பக்கத்து வீட்டுக் குதிரை குட்டி போட்டது என்று சொல்ல வந்தவருக்குக்கூட அவர் கையால் ஒரு சுயுஞ்சு உண்டு. தொப்பியோ, மிட்டாயோ, சேதி சொன்ன வாய்க்கு ஏதோ ஒன்று. அட்பாஷி ஊர் முழுக்க அதுதான் வழக்கம். ஆனால் இந்த மனிதர் அதைக் கணினியிடமும் காட்டினார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

"வாழ்த்துகள்! உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது" என்று திரையில் ஒரு ஜன்னல் துள்ளி வந்தால் அதை மூட அவருக்கு மனம் வராது. சந்தோஷம் சொல்ல வந்தவன் முகத்தில் கதவைச் சாத்துவதா? அமுக்குவார். போன் நம்பர் கேட்கும், கொடுப்பார். "இந்த நீட்டிப்பைச் சேர்த்தால் உலாவி பறக்கும்" என்று ஆசை காட்டும், உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் அந்தக் குட்டி நிரலையும் சேர்ப்பார். ஆறே மாதத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதித் திரைக்கு மேல் விளம்பரம்தான் ஆடியது.

அன்றைக்கு அவர் மனைவி ஊல்கானுக்கு உயிர் போகிற அவசரம். ஊர் மருத்துவ நிலையத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவள். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு வருஷம் ஸ்கேன் பயிற்சி எடுக்க மனுப் போட்டிருந்தாள். இடம் கிடைத்தவர்களின் பட்டியல் வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இப்போது மணி நாலு. பட்டியலைத் திறந்தால் அதன்மேல் ஒரு மெத்தை விளம்பரம் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

"அய்யோ, உங்க விருந்தாளிங்களை எல்லாம் கொஞ்சம் வெளிய அனுப்புங்களேன்!" என்று கத்தினாள் ஊல்கான். கத்தின கையோடு பஜாரில் கைபேசிக் கடை வைத்திருக்கும் தங்கை ஐசிரேக்கைக் கூப்பிட்டாள்.

ஐசிரேக் வந்து பார்த்தாள். சிரித்தாள். "அத்தான், இது கம்ப்யூட்டரா, ஞாயித்துக்கிழமை மாட்டுச் சந்தையா?"

"மரியாதையா பேசு. ஒருத்தரையும் விரட்டினதில்ல நான்."

"தெரியுதே! பதினோரு நீட்டிப்பு. அத்தனையும் திருட்டுப் பயலுங்க. நீங்க பாக்குற பக்கத்துல எல்லாம் விளம்பரத்தை ஒட்டுறதே இவங்கதான்." ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தாள். பிறகு தானே தேடி ஒரே ஒரு நீட்டிப்பைச் சேர்த்தாள். "இது விளம்பரத் தடுப்பான். மூலையில கேடயம் தெரியுதா? எத்தனை பேரைத் தடுத்துச்சுன்னு அதுல எண்ணு காட்டும்."

பக்கம் துடைத்துவிட்ட தட்டாகத் திறந்தது. ஏழாவது பெயர் ஊல்கான். ஐசிரேக் உடனே கையை நீட்டினாள். "சுயுஞ்சு!" துர்துபெக் தன் புதுக் கையுறைகளை எடுத்துக் கொடுத்தார். வாய் சிரித்தது. மனசு கணக்குப் போட்டது. ஒரு வருஷம். ஊருக்கும் பிஷ்கெக்குக்கும் நடுவில் தோலோன் கணவாய். குளிர்காலத்தில் பாதி நாள் பனி மூடிக்கிடக்கும்.

ஊல்கான் "சம்மதம்" என்ற பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அமுக்கினாள். ஊஹூம். பயிற்சி அலுவலகத்துக்குப் போன் போட்டால் ஓயாமல் பிசி. மணி நாலு நாற்பது. ஐசிரேக் இணைப்பைப் பிடுங்கிச் செருகினாள், கணினியை அணைத்துப் போட்டாள். மூன்றாவது தடவையும் பொத்தான் கல்லாட்டம் இருந்தது.

"விடுங்க. எனக்குக் குடுத்து வைக்கல" என்றாள் ஊல்கான். "போன மாசம் அந்தப் பொண்ணை வயித்துல புள்ளையோட நரின் டவுனுக்கு அனுப்பினோமே, ஒரு ஸ்கேனுக்காக. வழியில பட்ட பாடு! இனிமே நம்ம ஊர்லயே பாத்துடலாம்னு நெனச்சேன்."

துர்துபெக் மூலையைப் பார்த்தார். அவள் அமுக்கும் ஒவ்வொரு தடவையும் கேடயத்தில் ஓர் எண் ஏறியிருந்தது. பேசாமல் இருந்தால் போதும். இன்னும் பன்னிரண்டு நிமிஷம், அவ்வளவுதான். மனைவி வீட்டோடு இருப்பாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஐசிரேக், இவ அமுக்குறப்ப எல்லாம் யாரோ வாசலுக்கு வராங்க. உன் கேடயம்தான் விரட்டி விடுது. எண்ணைப் பாரு."

"அட, ஆமா!" ஐசிரேக் தலையில் அடித்துக்கொண்டாள். "உறுதி பண்ற ஜன்னல் தனியாத் தெறக்குது. இது விளம்பரம்னு நெனச்சுத் தடுத்துருக்கு. இந்த ஒரு தளத்துக்கு மட்டும் வழி விட்டாப் போதும்." கேடயத்தைத் தட்டினாள். இந்த முறை ஜன்னல் துள்ளி வந்தது: வாழ்த்துகள், உங்கள் சம்மதத்தை உறுதி செய்யுங்கள்.

ஊல்கான் உறுதி செய்தாள். நாலு ஐம்பத்திரண்டு. அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்தேன் என்று ஐசிரேக் கையுறைகளோடு ஓடினாள்.

ஊல்கான் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "எண்ணு ஏறுறதை எப்போ பாத்தீங்க?"

பொய் சொல்ல அவருக்கு வராது. "முதல் தடவையே."

"அப்புறம் ஏன் அவ்வளவு நேரம் வாயத் தெறக்கல?"

"நீ போயிடுவியேன்னுதான்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வெட்கமாக இருந்தது.

அவள் அவர் எதிரே வந்து நின்றாள்.

"ரொட்டி சுடத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"நான் கிளம்ப இன்னும் மூணு வாரம் இருக்கு. கையக் கழுவிட்டு மாவை எடுங்க."