டெலக்ஸில் வந்த அழைப்பு

புத்தூரில் செயற்கை வைரக்கற்களை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில், 1983-ல், லூர்துராணி டெலக்ஸ் ஆபரேட்டராக இருந்தாள். அவள் இங்கே தட்டுவது அந்த நொடியே ஜெர்மனியில் அச்சாகும். அங்கே உட்கார்ந்து பதில் தட்டுபவள் இங்கிரிட். சாயங்காலம் மிஷினை நிறுத்தும்போது ‘போகிறேன்’ என்று முடிக்க லூர்துராணிக்கு மனம் வராது. ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதையே இங்கிலீஷாக்கி அடித்துவிடுவாள்.

ஒருநாள் மிஷின் கடகடத்தது. தினமும் வருகிறேன் என்கிறாயே, எப்போது வருகிறாய், மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறோம் என்று கேட்டிருந்தாள் இங்கிரிட்.

லூர்துராணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மேனேஜர் அருள்நாதன் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, ஆர்டரா?”

“இல்ல சார், என்னை வீட்டுக்குக் கூப்பிடுறாங்க!”

எங்கள் ஊரில் திரும்பி வருவதாகச் சொல்லித்தான் எல்லோரும் கிளம்புவோம் என்று அவள் விளக்கி அடித்தாள். மிஷின் மறுபடி கடகடத்தது. அதனால் என்ன, அறை உனக்காக அப்படியே இருக்கட்டும் என்று பதில் வந்தது.

முகம் பார்க்காத ஒருத்தி தனக்காகப் படுக்கை விரித்திருக்கிறாள் என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்குப் போனதும் கணவன் பிலோமின்ராஜிடம் கேட்டாள்: “ஏங்க, பாஸ்போர்ட் எடுக்க என்ன செய்யணும்?”