ஒரு காதுக்கு இரண்டு ஸ்பீக்கர்

லேத் பட்டறையில் அவர் நின்ற இடத்துக்கு இடப்பக்கம் பிரஸ் மெஷின் ஒன்று ஓடியது. இருபத்தாறு வருஷத்தில் அது அவருடைய இடது காதைத் தின்று தீர்த்துவிட்டது. வீட்டாரைத் தவிர யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை.

பாட்டுக் கேட்க நல்ல செட் வாங்கவேண்டும் என்பது மனைவியின் ஆசை. கடைக்கு அவள் தம்பியும் வந்தான். அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. இருப்பதிலேயே பெரிய ரிசீவரையும் இடுப்புயர ஸ்பீக்கர்களையும் காட்டி, வாங்கினால் இதுதான் என்றான். நம் கூடத்தில் இதை வைத்தால் நாம் வாசலில்தான் உட்காரவேண்டும் என்றாள் அக்கா.

கடைக்காரர் அவர்களை நடுவில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார். இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் டிரம், பிரிந்து கேட்கிறதா என்றார். மச்சினன் கண்ணை மூடித் தலையாட்டினான். லேத்காரரும் ஆட்டினார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவருக்கு இடது காது கேக்காதுங்க. அதுக்கு ஏத்த மாதிரி ஏதாவது இருக்கா?”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. கடைக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. அலமாரியில் அடங்கும் சின்ன ஸ்பீக்கர் இரண்டையும், மோனோ என்ற பொத்தான் வைத்த ரிசீவர் ஒன்றையும் எடுத்துவைத்தார். பொத்தானை அமுக்கினால் இரண்டு பக்கத்துச் சத்தமும் கலந்து இரண்டு ஸ்பீக்கரிலும் வரும் என்று சொல்லி, அமுக்கியும் காட்டினார். அதுவரை மங்கலாக எங்கோ இருந்த வயலின் பக்கத்தில் வந்து நின்றது.

அதையே வாங்கினார்கள். ஆனால் வீடு வந்து சேரும்வரை அவர் மனைவியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மச்சினனே ஒயரைச் சீவி, சொருகி, பாட்டைப் போட்டான். பிரமாதம் என்றும் சொன்னான். லேத்காரர் எழுந்து ஒரு ஸ்பீக்கரிடம் குனிந்து கேட்டார், பிறகு மற்றதிடம். தனித்தனியாக நன்றாகத்தான் இருந்தன. நடுவில் வந்து உட்கார்ந்தால் பாட்டு சோகை பிடித்ததுபோல் மெலிந்தது.

“கீழ்ச்சத்தம் எங்கப்பா போச்சு? ஒண்ணை ஒண்ணு தின்னுது.”

“ரெண்டு காதும் கேக்கற எனக்கே சரியா இருக்கு மாமா.”

சொன்னபிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவர் மறுபடி எழுந்தார். செட்டை அணைத்து, ரிசீவரை முன்னால் இழுத்துத் திருப்பினார். ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு ஒயர் கறுப்புத் துளையில் இருந்தது, கறுப்பு ஒயர் சிவப்பில். மாற்றிச் சொருகிவிட்டுத் திரும்பப் போட்டார். டிரம் இப்போது தரை அதிர இறங்கியது. மச்சினன் ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“கடையில அப்படிப் போட்டு உடைச்சிருக்க வேணாம்,” என்றார் மனைவியிடம்.

“உடைக்கலைன்னா அந்தப் பீரோ ஸ்பீக்கர் ரெண்டையும் வாங்கிட்டு வந்து, தலையாட்டிக்கிட்டே காலத்தை ஓட்டியிருப்பீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

கிளம்பும்போது மச்சினன், தன் வீட்டுச் செட்டையும் வந்து பார்க்கமுடியுமா என்று தயங்கிக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.