கடலுக்குப் போனதற்குச் சாட்சி

கொடைக்கானலுக்கு யானை மேல் ஏறிப் போனேன் என்று சொன்னேன், கைதட்டினார்கள். தேனாம்பேட்டை சிக்னலில் ஒரு காண்டாமிருகம் எனக்கு வழிவிட்டு நின்றது என்றேன். அது ஆணா பெண்ணா என்று மட்டும் ஒருவர் கேட்டார். எழுபத்தேழு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாகப் படகில் ஏறிக் கடலுக்குள் போய்வந்தேன் என்று சொன்னேன். சாட்சி எங்கே என்கிறார்கள். இந்த அநியாயத்தை எழுதிவைக்காமல் விட எனக்கு மனமில்லை.

அபிராமபுரத்தில் சுந்தரராமன் வீட்டு மாடி ஹாலில் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குக் கூடுகிற ஒன்பது கிழடுகளில் நானும் ஒருவன், என் மனைவி நோராவும் ஒருத்தி. ஒவ்வொருவரும் மூன்று சங்கதி சொல்ல வேண்டும். என்ன படித்தாய், என்ன படம் பார்த்தாய், சாவதற்குள் செய்ய நினைத்ததில் எதைச் செய்து முடித்தாய். மூன்றாவதற்குப் பக்கெட் லிஸ்ட் என்று பெயர். வாளிக்கும் ஆசைக்கும் என்ன உறவோ. சுந்தரராமன் கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் ஆசைகளுக்கும் ஒரு நோட்டு போட்டுவிட்டார். ஆசை நிறைவேறினால் சிவப்புக் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் சாட்சியின் கையெழுத்து. கையெழுத்து இல்லையென்றால் கோடும் இல்லை.

இதுவரை எனக்குச் சாட்சி போட்டவன் ஹபீபுர் ரஹ்மான். ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து என் கூட்டாளி, ஒன்பது கிழடுகளில் ஒருவன். யானைக்கும் அவன்தான் சாட்சி. யானையின் பெயரைக்கூட அவனே யோசித்து நோட்டில் எழுதினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏற்கெனவே எரிச்சலில்தான் போனேன். படித்தது தொள்ளாயிரம் பக்க நாவல். கதாநாயகன் நாற்பதாம் பக்கத்தில் கதவைத் தட்டுகிறான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் திறக்கிறார்கள். நடுவில் அவன் தாத்தாவின் நில வழக்கு, ஊரில் விழுந்த இடி, ஒரு பசுமாட்டின் மனவோட்டம். அந்த மாட்டின் மனவோட்டம்தான் கொஞ்சம் தெளிவாக இருந்தது. படமோ அதற்கு மேல். தி. நகரில் மூன்று மணி நேரம் குளிரில் உட்கார வைத்தார்கள். நாயகன் உடம்பில் பதினொரு குண்டு. நான்தான் எண்ணினேன், அவன் எண்ணவில்லை. கடைசியில் வில்லனின் கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில் திரை இருண்டு, மிச்சம் இரண்டாம் பாகத்தில் என்று எழுத்து வருகிறது. எழுபத்தேழு வயதுக்காரனை இரண்டாம் பாகத்துக்குக் காத்திரு என்று சொல்ல இவர்களுக்கு எவ்வளவு துணிச்சல் இருக்க வேண்டும்?

இதையெல்லாம் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு கடலைச் சொன்னேன்.

முப்பத்துநாலு வருஷம் நான் புவியியல் வாத்தியார். சோழமண்டலக் கடற்கரையைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் ஒரே இழுப்பில் வரைவேன். அலை ஏன் வருகிறது, ஓதம் எப்போது ஏறும், எல்லாம் நடத்துவேன். வகுப்புக்கு வகுப்பு, நான் அந்தமான் வரை பாய்மரக் கப்பலில் போனவன் என்றும் சொல்வேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். மெரினாவில் முழங்கால் நனைந்ததோடு சரி, படகில் நான் கால் வைத்ததே கிடையாது. சுந்தரராமனின் நோட்டில் என் நான்காவது ஆசை கடல். மற்ற ஆசைகளை எல்லாம் வாயாலேயே முடித்துவிட்டேன். இதை மட்டும் மூன்று வருஷமாகத் தொடவில்லை. இத்தனை பிள்ளைகளிடம் சொன்ன பொய்யை ஒரு தடவையாவது மெய்யாக்கிவிட்டுச் சாக வேண்டும் என்று இருந்தது.

ஊரூர் குப்பத்தில் பாஞ்சாலி என்று ஒரு மீன்காரி. இருபது வருஷமாக எங்கள் தெருவுக்குக் கூடை கொண்டுவருகிறவள். அவள் தம்பியின் ஃபைபர் படகில் என்னை ஏற்றச் சொல்லிக் கெஞ்சினேன். செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில் நாலு பேர் என்னை மூட்டை மாதிரித் தூக்கி உள்ளே போட்டார்கள். மூன்றாவது அலையிலேயே முந்தின நாள் சாப்பிட்ட இட்லி வெளியே வந்துவிட்டது. அலை எப்படி உண்டாகிறது என்பது தெரிந்தவன் என்று அலை எனக்குச் சலுகை காட்டவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கினேன். சாந்தோம் தேவாலயக் கோபுரம் சாக்பீஸ் துண்டு அளவுக்கு நின்றது. நான் வரைந்த கோடு முழுவதும் எதிரே கிடந்தது. கடல் பக்கத்திலிருந்து அதை நான் பார்த்ததில்லை.

இதை இப்படியே, ஒரு சுறாவைக்கூடச் சேர்க்காமல் சொன்னேன். சுந்தரராமன் சிவப்புப் பேனாவை மூடிவிட்டார். பிறகு ஹபீபைப் பார்த்தார். ஹபீப் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் போட மாட்டேன் பவுலு."

யானைக்குப் போட்டாயே என்று கேட்டேன்.

"அது கதைன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், யானைக்கும் தெரியும். அதுக்குப் போடலாம். இதை நெசம்ங்கிறே. நெசத்துக்குக் கண்ணால பாக்காம சாட்சி போட்டா நாளைக்கு அல்லாவுக்கு யார் பதில் சொல்றது?"

நோராவைப் பார்த்தேன். மழை பெய்கிறது என்று நான் சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்க்கிறவள் அவள். செவ்வாய்க்கிழமை நான் எங்கே போனேன் என்று தனக்குத் தெரியாது என்றும், சட்டை உப்பாக இருந்தது உண்மை என்றும், உப்பு மெரினாவிலும் உண்டு என்றும் சொன்னாள். நாற்பத்தெட்டு வருஷ தாம்பத்தியம்!

மறுநாள் பாஞ்சாலியிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு வார்த்தை சொல் என்றேன். அவள் மீன் செதிலை உரித்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்:

"நீ எங்க படகுல ஏறவே இல்லியே வாத்யாரே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. படகு கரைக்கு வந்ததும் மீனை மணலில் கொட்டிப் பங்கு பிரித்தார்கள். படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, ஏறிய ஆளுக்கு ஒன்று. எனக்கும் ஒரு குவியல் வைத்தார்கள். நானோ பெரிய மனுஷன் தோரணையில், இருக்கட்டும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மரியாதை என்று நினைத்தேன். அந்தக் குவியல் வெயில் ஏறும்வரை அப்படியே கிடந்ததாம். யாரும் தொடவில்லையாம். கடைசியில் காக்கை கொத்திப் போனதாம்.

"பங்கு எடுக்காதவன் படகுல வராதவன். என் தம்பி இன்னா உனக்குப் பிச்சையா போட்டான்? கூட வந்தே, குந்திக்கினு இருந்தே, உன் பங்கு அது. அத்த வேணாம்னா நீ யாரோ, நாங்க யாரோ."

அபிராமபுரத்தில் நான் கடலுக்குப் போகவில்லை என்கிறார்கள். குப்பத்திலும் போகவில்லை என்கிறார்கள். நடுவில் வாந்தி எடுத்தவன் யார் என்று யாராவது விசாரித்தார்களா?

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கே கரையில் போய் நின்றேன். படகு வந்தது. பாஞ்சாலியின் தம்பி என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் பங்கு பிரித்தான். அன்று நான் விட்ட பங்குக்கு ஒரு குவியல் கூடுதலாக வைத்தான். நாலு சங்கரா, ஒரு கை காரப்பொடி மீன். பை எடுத்துப் போக மறந்துவிட்டேன். வேட்டியில் வாங்கிக்கொண்டு, இரு கையாலும் பிடித்தபடி, பெசன்ட் நகர் பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். நடத்துநர் ஏற்றவில்லை. மீதி தூரமும் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலி கூடையோடு வந்தாள். மீன் கூடையுடன் மாடிக்கு வர மாட்டேன் என்று கேட்டிலேயே நின்றுவிட்டாள். ஒன்பது பேரும் நோட்டோடு கீழே இறங்கினோம். சுந்தரராமன் மூக்கைத் துண்டால் மறைத்துக்கொண்டு, ஆனால் முறைப்படி விசாரித்தார்.

"பவுல்சாமி சார் போட்ல போனாரான்னு நீங்க நேர்ல பாத்தேளா?"

"போனாரு. ஏத்தினதே நாங்கதான். வாந்தி எடுத்தாருன்னு தம்பி சொன்னான். எறங்கினதும் நானே பாத்தேன், அந்தக் கட்டுமரம் பக்கத்துல குந்திக்கினு அழுதாரு. சின்னப் பையன் மாதிரி. டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்கல."

அழுத விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல உத்தேசமும் இல்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சுந்தரராமன் துண்டை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார். கேட் கம்பியில் நோட்டை வைத்துச் சிவப்புக் கோடு போட்டார். பாஞ்சாலி தன் பெயரை எழுதினாள். அதன் கீழே ஹபீபும், யாரும் கேட்காமலே, கையெழுத்துப் போட்டான்.

நோட்டை வாங்கிப் படித்தேன். "கடல். போனார். வாந்தி எடுத்தார். அழுதார்." கடைசி வார்த்தையை அடிக்கச் சொன்னேன். என் முகத்தில் இருந்தது கடல் தண்ணீர். கடல் நீரில் ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு, வங்கக் கடலில் கொஞ்சம் குறைவு, கண்ணீரில் அதைவிட மிகக் குறைவு. பாஞ்சாலி எந்தக் கருவியால் அளந்தாள் என்று கேட்டேன்.

"சாட்சி சொன்னதை அடிக்கப்படாது சார்," என்றார் சுந்தரராமன். "வேணும்னா நீங்க சொன்னதை அடிச்சுடறேன்."

கோபத்தில் எல்லோருக்கும் முன்னால் நடந்தேன். மந்தைவெளி திருப்பத்தில் நோரா மூச்சிரைக்க என்னோடு சேர்ந்துகொண்டாள். படகுல உட்கார்ந்து என்னத்தைத் தேடினீங்க என்று கேட்டாள். தேடினேன் என்று நான் சொல்லவே இல்லை.

"நம்ம வீடு எந்தப் பக்கம்னு பாத்தேன்," என்றேன். "தெரியலை."

ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுகிறவள், குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

"அங்கேருந்து எப்படித் தெரியும்?" என்றாள். "நம்ம வீட்டுக்கு முன்னாடி அந்த ஆறு மாடிக் கட்டடம் மறைக்குதே."