செவ்வாய், வெள்ளி, பாபின்

குற்றம் நடந்தது வெள்ளிக்கிழமை காலையில். இடம், ஈஜிபுராவில் ஒரு ஷீட் போட்ட வீடு. அம்மன் படத்துக்கு நேர் கீழே. குற்றவாளி ஓடிப்போகவில்லை. தான் உண்டாக்கிய குட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

எல்லம்மா கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஷோபா."

சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த மருமகள் ஷோபாவுக்கு ஒரே பார்வையில் விஷயம் புரிந்தது. ஓடிப்போய் பாத்ரூம் கதவில் தொங்கிய காக்கித் துணியை எடுத்து வந்து துடைத்தாள்.

"போன வெள்ளிக்கிழமயும் இதே எடம். செவ்வாக்கிழமயும் இதே எடம். இன்னைக்கும் இங்கதான்," என்றாள் எல்லம்மா. "மத்த நாள்ல பேப்பர் மேல போவுது இல்ல? நல்ல நாளா பாத்து அம்மன் முன்னாடி வந்து போவுதுன்னா இன்னா அர்த்தம்?"

"அதுக்கு இன்னா அத்தே தெரியும், பச்சப் புள்ள."

"அதுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்." படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இது இங்க வேணாம்னு சொல்றா."

கண்ணாடி முன்னால் சோப்பு நுரையோடு நின்ற கிரண் திரும்பினான். "ஏம்மா, அம்மன் நேரா உன் கனவுல வந்து சொல்ல மாட்டாளா? இத்தினிக்கூண்டு நாயி மூலமாவா சொல்லி அனுப்புவா?"

"நீ மூஞ்சக் கழுவிட்டு ஆட்டோவ எடு. எங்க ஆஸ்பத்திரி கம்பவுண்டர் நாராயணசாமி சார், குட்டி இருந்தா குடுங்கன்னு கேட்டுனு இருக்காரு. ஆனேக்கல் பக்கம் தோப்பு வச்சிருக்காரு. செவ்வாக்கிழம சாயங்காலம் வரச் சொல்லிடறேன். அன்னைக்கும் இங்க போச்சுன்னா, கூடையில போட்டுக் குடுத்துடுவேன். அவ்ளோதான்."

"தோப்புல இன்னா அத்தே பண்ணுவாங்க?"

"நாய இன்னா பண்ணுவாங்க? கட்டிப் போடுவாங்க."

ஷோபா குட்டியைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டாள். ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைப் பொமரேனியன். காது கூட இன்னும் நிமிரவில்லை. தென்னை மரம், சங்கிலி, ஆனேக்கல் குளிர். அவளால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

கல்யாணமாகி வாணியம்பாடியிலிருந்து வந்தவள் அவள். காலையில் புருஷன் ஆட்டோவோடு போய்விடுவான். மாமியார் ஆடுகோடி நர்ஸிங் ஹோமில் ஆயா. இருட்டும்வரை ஷோபாவுக்குத் துணை பிளவுஸ் துணியும் மெஷின் சத்தமும்தான். அந்த வீட்டுக்கு இந்தக் குட்டி வந்த நாளிலிருந்து மெஷின் மிதிக்கும்போது காலடியில் ஒரு வெதுவெதுப்பு இருந்தது. நூல் சுற்றின பாபின் மாதிரி உருண்டையாகச் சுருண்டு படுத்ததால் அதுவே பேராகிவிட்டது.

குட்டியைக் கொடுத்தது விவேக் நகர் பிரிஜெட் ஆன்ட்டி, ஷோபாவின் கஸ்டமர். கொடுக்கும்போது கூடவே ஒரு நாற்றமடிக்கிற பேப்பர் துண்டையும் கொடுத்திருந்தாள்.

"தூங்கி எழுந்தா உடனே தூக்கினு போ. பால் குடிச்சா உடனே தூக்கினு போ. புதுப் பேப்பர் போட்டு, அதுக்கு அடியில இந்தத் துண்டை வை. சரியா போனா தடவிக் குடு. தப்பா போனா அடிக்காத, மூக்கைப் பிடிச்சுத் தேய்க்காத. பாவம், குழந்தை அது."

ஷோபா அதை அப்படியே செய்தாள். செவ்வாய்க்கிழமைக்குள் குட்டியைப் பழக்கியாக வேண்டும். பாபின் கண் விழிக்க வேண்டியது, பாதி தைத்த பிளவுஸ் கையை அப்படியே விட்டுவிட்டு, பின்பக்கம் தொட்டியடியில் விரித்த பேப்பருக்கு அவள் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது. பாபின் மோந்து பார்க்கும். சுற்றிச் சுற்றி வரும். உட்காரும். "சமத்து, சமத்து" என்று இவள் தலையைத் தடவுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பாபின் தானாகவே எழுந்து, தள்ளாடிக்கொண்டு பேப்பரைத் தேடிப் போனது. ஷோபாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாஸாயிடுச்சுமா உன் புள்ள," என்றான் கிரண்.

"செவ்வாக்கிழம தான் பரீட்ச," என்றாள் எல்லம்மா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திங்கட்கிழமை ஒரே ஒரு சறுக்கல். மழைச் சத்தத்துக்குப் பயந்து மெஷினடியிலேயே நனைத்துவிட்டது. எல்லம்மா வேலையிலிருந்து வருவதற்குள் ஷோபா காக்கித் துணியால் துடைத்து, ஒரு சொம்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, மறுபடி பாத்ரூம் கதவில் போட்டாள். ஒரு சொம்புதான். அந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வருவது ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

பிளவுஸ் வாங்க வந்த பிரிஜெட் ஆன்ட்டியிடம் புலம்பினாள்.

"செவ்வா வெள்ளி மட்டும் போவுதா?" ஆன்ட்டி சிரித்தாள். "நாய்க்கு ஏதும்மா கிழமை? அதுக்கு மூக்குதான் எல்லாம். தன்னோட வாசனை எங்க அடிக்குதோ அங்க போகும். அதுக்குத்தான உனக்கு அந்தப் பேப்பரைக் குடுத்தேன்."

"அம்மன் படத்தடியில ஏது ஆன்ட்டி வாசனை? எங்க அத்தே அழுத்தி அழுத்தித் துடைக்கிற எடம் அது."

ஆன்ட்டி பிளவுஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது.

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும், இரண்டு நாள்தான் அந்த வீட்டைத் துடைப்பார்கள். அதையும் எல்லம்மா யாருக்கும் விட்டுத் தர மாட்டாள். பினாயில் கிடையாது. நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் மோந்த நாற்றம் வீட்டிலும் எதற்கு என்பாள். ஒரு பக்கெட் மஞ்சள் தண்ணீர். முதலில் அம்மன் படத்தடி, இரண்டு தடவை. அப்புறம் மற்ற இடம்.

பாபின் பேப்பரில் போய்விட்டு வந்து, பாலும் குடித்துவிட்டு, ஷோபாவின் மடியில் இருந்தது. இன்னொரு முறை தூக்கிப் போவதற்குள் எல்லம்மா துடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

குட்டியின் மூக்கு சட்டென்று நிமிர்ந்தது.

ஷோபா பிடித்தாள். வழுக்கிக்கொண்டு குதித்தது. ஈரத் தரையில் மூக்கை வைத்து, போலீஸ் நாய் மாதிரி நேர்க்கோடாக நடந்தது. மூலைக்குப் போகவில்லை. கட்டிலடிக்குப் போகவில்லை. அம்மன் படத்தடிக்குப் போய் நின்று, சுற்ற ஆரம்பித்தது.

ஷோபாவின் கண் தரையில் இல்லை. மாமியார் கையில் இருந்தது. கையிலிருந்த துணியில்.

காக்கித் துணி.

கிரணின் பழைய டிரைவர் சட்டை. ஷோபாவே கிழித்துப் போட்டது. நேற்று மெஷினடியைத் துடைத்த அதே துணி.

பாய்ந்து குட்டியைப் பிடித்தாள். பின்பக்கம் ஓடினாள். பேப்பரில் விட்டதும் பாபின் நிம்மதியாக உட்கார்ந்தது.

"இன்னா ஓட்டம்?" எல்லம்மா பின்வாசல் படிக்கே வந்துவிட்டாள், பிழிந்த துணியோடு. "அங்கயே போவ வந்துச்சு, பாத்துட்டேன் நான். நீ தூக்கினு ஓடிட்டா ஆயிடுச்சா?"

சொல்வதா? நீங்கள் பயபக்தியோடு அம்மன் முன்னால் தேய்த்தது இதைத்தான் என்று ஒரு மருமகள் எப்படிச் சொல்வாள்? சொல்லாவிட்டால் சாயங்காலம் கூடை.

ஷோபா கையை நீட்டினாள். "அந்தத் தொணிய ஒரு நிமிசம் குடுங்க அத்தே."

வாங்கி, காலியாக இருந்த மூலையில், பேப்பர் எதுவும் இல்லாத சிமெண்டுத் தரையில் போட்டாள். பாபின் வந்தது. மோந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மிச்சமிருந்த இரண்டு சொட்டையும் துணியின் மேல் விட்டுவிட்டு, பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தது.

எல்லம்மா துணியைப் பார்த்தாள். பக்கெட்டைப் பார்த்தாள். வீட்டுக்குள் திரும்பி அம்மன் படம் இருக்கும் திசையைப் பார்த்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில வார்டுக்கு ஒரு தொணி, கக்கூசுக்கு ஒரு தொணி," என்றாள் மெதுவாக. "மாத்தி எடுத்த புதுப் பொண்ண ஒருநாள் அழ வச்சிருக்கேன் நான்."

"அது போனதெல்லாம் அந்தத் தொணியில தொடச்சது நான்தான் அத்தே."

"நான் மட்டும் தொடைக்கலயா? போன வாரம் ராத்திரி நீங்க ரெண்டு பேரும் தூங்கினு இருந்தீங்க." அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஷோபா பதறிக் குனிந்தால், எல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "ஷோபா, இத கிரண் கிட்ட மட்டும் சொல்லிடாத. ஸ்டாண்டு பூரா சொல்லிச் சிரிப்பான்."

"சொல்ல மாட்டேன் அத்தே."

அன்று தரையை மறுபடி கழுவினார்கள். குடிக்கிற தண்ணீரில் பாதி அதற்கே போனது.

சாயங்காலம் நாராயணசாமி கூடையோடு வந்து சேர்ந்தார்.

"மன்னிச்சிக்கணும் சார், குட்டி தர்றதா இல்ல," என்றாள் எல்லம்மா.

"அதெப்படிங்க? பசங்க கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். அம்மனே வேணாம்னு சொல்லிட்டான்னு நீங்கதான சொன்னீங்க?"

எல்லம்மா அம்மன் படத்தை ஒரு தரம் பார்த்தாள். காரணத்தைச் சொன்னால் நாளைக்கு நர்ஸிங் ஹோம் முழுக்கத் தெரியும். நாராயணசாமி சாவகாசமாகச் சேரில் உட்கார்ந்து, கூடையைத் தரையில் வைத்தார். உள்ளே பதமாக மடித்து விரித்திருந்தது, நேற்றைய கன்னடப் பேப்பர்.

பாபின் கூடையை எட்டிப் பார்த்தது. விளிம்பில் ஏறி, உள்ளே உருண்டு விழுந்தது.

"பாருங்க, தானாவே வருது." சந்தோஷமாகக் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கூடைக்குள் பாபின் சுற்ற ஆரம்பித்தது. ஷோபா பதறி எழுந்தாள். எல்லம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"இரு," என்றாள் உதடு அசையாமல்.

நாராயணசாமியின் முகம் மெல்ல மாறியது. கூடையை உயர்த்தினார். பேண்டைப் பார்த்தார்.

"ரொம்ப ஒழுக்கமான குட்டி சார்," என்றாள் எல்லம்மா. "பேப்பர் எங்க இருந்தாலும் கரெக்டா தேடிப் போயிடும். நீங்க தெனம் பேப்பர் படிக்கிற ஆளு வேற."

அவர் காலிக் கூடையோடு கிளம்பிப் போனார்.

ராத்திரி எல்லம்மா தன் பழைய புடவை இரண்டைக் கிழித்தாள். பச்சை தரைக்கு. சிவப்பு குட்டிக்கு. இரண்டுக்கும் தனித்தனி ஆணி. "மாத்தி எடுத்த, தோல உரிச்சிடுவேன்," என்றாள். எதற்கு இவ்வளவு ஏற்பாடு என்று கிரண் கேட்டான். இரண்டு பெண்களும் அவனுக்கு இன்னொரு தோசை போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை. பச்சைத் துணி, மஞ்சள் தண்ணீர். மெஷினடியிலிருந்து எழுந்த பாபின் அம்மன் படத்தடிக்கு வந்தது. ஷோபா ஊசியில் நூல் கோர்ப்பதை நிறுத்தினாள். குட்டி ஈரத் தரையை மோந்தது. தும்மியது. திரும்பித் தள்ளாடிக்கொண்டு பின்பக்கம், பேப்பருக்குப் போனது.

அது திரும்பி வரும்வரை எல்லம்மா கற்பூரத்தை ஏற்றவில்லை. வந்ததும் ஒரு கையால் தூக்கி, அந்த வெள்ளை நெற்றியில் துளி குங்குமம் வைத்தாள்.

"ம்," என்றாள் ஷோபாவிடம். "இப்ப பத்த வை."