லாயத்துக் குரலுக்குச் சந்தா

அன்று அக்கா வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள்: அக்கா. அவள் கணவர், எனக்கு அத்தான், ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவில் வேலை. அத்தானின் சிநேகிதர், எல்லோரும் கத்திரி என்று கூப்பிடும் முடிதிருத்துபவர். நான். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த அத்தானின் கைபேசியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த அறையில் அத்தான் அதிகம் நம்பியது அதைத்தான்.

கைபேசிக்குள் இருந்தவரின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் நடத்தும் சேவைக்குப் பெயர் 'லாயத்துக் குரல்'. சந்தா கட்டினால் ரேஸ் நாட்களில் மதியம் ஒரு குரல் செய்தி வரும். எந்த ரேஸ், எந்தக் குதிரை, என்ன விலை, அதாவது ஒன்று கட்டி ஜெயித்தால் எத்தனை கிடைக்கும். பக்கத்தில் குதிரை தூங்குவது போலவும் அதை எழுப்பிவிடக் கூடாது என்பது போலவும் கிசுகிசுப்பார். அத்தான் முதல் மாத இலவசத்தில் இருந்தார். அது அந்த வாரத்தோடு முடிந்தது. முடிவதற்குள் வருடச் சந்தா கட்டினால் பாதிக் கட்டணம்.

அந்தப் பாதிக் கட்டணமும் கணிசமான தொகை. அதைக் கட்டிவிட்டுச் சில்லறையாகப் பந்தயம் வைத்தால் ஜெயிப்பதெல்லாம் சந்தாவுக்கே போய்விடும். ஆகவே பெரிதாக வைக்க வேண்டும். வீட்டில் பெரிய பணம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அக்கா படுக்கையறை மூலையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஊரார் கால்சட்டைகளை வெட்டித் தைத்துச் சேர்த்த பணம். ஒரு சின்னக் கடை பார்த்து வைத்திருந்தாள். அந்தக் கடைக்கான முன்பணம் அது.

"ஆறே மாசம். ஒரு கடைக்கு ரெண்டு கடையா எடுத்துத் தர்றேன்" என்று அத்தான் சொல்லியிருந்தார்.

அக்கா சண்டை போடவில்லை. "என் தம்பி பார்த்துச் சொல்லட்டும். அவன் சரின்னு சொன்னா எடுத்துக்கங்க. அதுவரைக்கும் அந்தப் பணப்பையைத் தொடக் கூடாது" என்றாள். அத்தான் ஒப்புக்கொண்டார். தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். தலை என்னுடையது.

நான் புள்ளியியல் படிக்கப் போய் இரண்டாம் வருடத்தில் நின்றவன். குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை, அக்கா வீட்டுப் பின்னறையில் பகல் தூக்கம். ஏன் நின்றாய் என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். படித்த கொஞ்சத்துக்கு மட்டும் வேலை கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கரண்டு பில் ஏன் ஏறியது, காப்பீட்டுக்காரர் சொல்வது உண்மையா என்று எல்லாம் என்னிடம்தான் வரும். இந்த முறை குதிரை வந்தது.

மாதம் முழுக்க ரேஸ் நாட்களில் மதியம் அலாரம் வைத்து எழுந்தேன். இரவு வேலைக்காரனுக்கு மதியம் என்பது மற்றவர்களின் நடுநிசி. அதை எந்த வீட்டிலும் யாரும் நம்பியதில்லை. அத்தானின் கணக்கை என் கைபேசியிலும் திறந்து வைத்திருந்தேன். செய்தி வந்ததும் பந்தயக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து அந்தக் குதிரைக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். பிறகு அத்தானின் தேநீர் இடைவேளைக்கு மறுபடி ஒரு அலாரம். அடுப்புப் பிரிவில் கைபேசி வைத்திருக்க அனுமதி கிடையாது. தட்டுகளை இறக்கி, கையுறையைக் கழற்றி, கை கழுவி, லாக்கரைத் திறந்த பிறகுதான் அத்தான் அந்தச் செய்தியையே பார்க்க முடியும். அந்த நேரத்தில் என்ன விலை என்று திரும்பப் பார்ப்பேன்.

அதைத்தான் அன்று சொல்ல உட்கார்ந்திருந்தோம். அத்தானுக்கும் விடுமுறை, கத்திரிக்கும் கடை அடைப்பு. அக்கா ஒரு கால்சட்டையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"சொல்லு. திருடனா, நல்லவனா?"

"திருடன் இல்ல" என்றேன். "கண்ணை மூடிக்கிட்டுக் கை வைக்கிறவனைவிட நல்லாத்தான் குதிரை எடுக்கறான்."

"அப்படிச் சொல்லு மாப்ளே!" அத்தான் மேஜையைத் தட்டினார். கைபேசி சரிந்தது. எடுத்து மறுபடி டப்பாவில் சாய்த்தார்.

"முழுசாக் கேளுங்க. அவன் 'ஒண்ணுக்கு ஆறு'ன்னு சொல்றான். ஒண்ணு கட்டி ஜெயிச்சா ஆறு லாபம். அந்தச் செய்தி உங்களுக்கு மட்டுமா போகுது? அத்தனை சந்தாக்காரனுக்கும் ஒரே நேரத்துல போகுது. எல்லாரும் அதே குதிரையில விழறாங்க. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? விலையைக் குறைக்கறான். நீங்க கை கழுவிட்டு வர்றப்ப அது ஒண்ணுக்கு மூணு. குதிரை ஜெயிக்குது, ஆனா உங்களுக்குப் பாதிதான். தோத்தா மட்டும் முழுசாப் போகுது. மாசக் கடைசியில அவன் போடற கணக்குல எல்லாமே ஆறு. அவன் பொய் சொல்லல. அந்த விலை இருந்துச்சு. உங்களுக்கு இல்ல."

அத்தான் கத்திரியைப் பார்த்தார். கத்திரி தேநீரை ஊதினார்.

அத்தானுக்குப் புரிகிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன். "காலையில ஒரு ரொட்டி வாங்கினா ஒண்ணு இலவசம்னு கடையில போர்டு. கூட்டம் வந்ததும் போர்டைக் கழட்டிடறான். வாங்கச் சொன்னவன் கணக்குல மட்டும் நாள் முழுக்க அந்த இலவச ரொட்டி இருக்கு."

"எங்க கம்பெனியில இலவசமே கிடையாது" என்றார் அத்தான்.

"அத்தான்..."

"புரியுதுடா. நான் லேட்டா பாக்கறேன், அதான பிரச்சினை? நீ வீட்லதானே இருக்கே. செய்தி வந்ததும் நீ கட்டு."

"அவன் தூங்கறான்" என்றாள் அக்கா.

"பகல்ல என்ன தூக்கம்?"

இதை எதிர்பார்த்திருந்தேன். "அதையும் பார்த்துட்டேன். கையில போனை வச்சுக்கிட்டு, செய்தி வந்த உடனே கட்டற மாதிரி கணக்குப் போட்டேன். அப்பவும் ஒண்ணுக்கு ஆறு கிடைக்கல. மாசக் கடைசியில போட்டது போட்டபடி இருந்துச்சு. லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல."

"நஷ்டம் இல்லையே! அதான் முக்கியம்."

"சந்தா?"

"சந்தாவை ஏன் இதுல கொண்டு வர்றே? அது தனி."

கத்திரி முதல் முறையாக வாயைத் திறந்தார். "தம்பி படிச்ச பிள்ளை. ஆனா குதிரை படிக்கலையே. இன்னைக்கு ஒண்ணு பார்த்துடலாம். செய்தி வர்ற நேரம்தான்."

அவர் சொல்லி முடிக்கவும் கைபேசி அதிர்ந்தது. அத்தான் சத்தத்தைக் கூட்டினார். குரல் கிசுகிசுத்தது: "நண்பர்களே... அடுத்த ரேஸ்... பித்தளை மணி. ஒன்றுக்கு ஏழு. அவசரம் வேண்டாம்... ஆனால் தாமதமும் வேண்டாம்."

நான் என் கைபேசியில் கம்பெனிப் பக்கத்தைத் திறந்து அத்தான் முகத்துக்கு நேராக நீட்டினேன். ஒன்றுக்கு ஐந்து. அத்தான் கண்ணாடியைத் தேடினார். அது நெற்றியில் இருந்தது. இறக்கிப் போட்டுக்கொண்டு பார்க்கும்போது ஒன்றுக்கு மூன்றரை. எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. இவ்வளவு நாள் தூக்கத்தைக் கெடுத்துப் பார்த்தது அவர் கண்ணெதிரே நடந்துவிட்டது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். ரேஸைப் போடு."

ரேஸைப் போட்டேன். உள்ளங்கை அகலத் திரையில் குதிரைகள் கரப்பான்பூச்சிகள் மாதிரி ஓடின. பித்தளை மணி மஞ்சள் சட்டைக்காரன் ஓட்டியது. பாதி தூரம் வரை அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. திருப்பத்தில் வெளிப்பக்கமாக வந்தது. அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தார். கத்திரி எழுந்தார். நானும் எழுந்திருந்தேன் என்பதை அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பித்தளை மணி ஒரு கழுத்து முன்னால் போய் ஜெயித்தது.

அத்தான் என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு நான் எதிர்க்கட்சி என்பது ஞாபகம் வந்து விட்டுவிட்டார்.

"இப்ப என்ன சொல்றே? ம்? இப்ப என்ன சொல்றே?"

"ஒரு ரேஸை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஜெயிச்சா ஒரு ரேஸு. தோத்திருந்தா 'பாத்தீங்களா'ன்னு கேட்டிருப்பே."

கேட்டிருப்பேன். அந்த மாதம் முழுக்கச் சேர்த்த கணக்கை ஒரு குதிரை ஒரு கழுத்து நீளத்தில் மிதித்துவிட்டுப் போயிருந்தது. அத்தானின் கண் படுக்கையறைப் பக்கம் போனது. பணப்பை மெஷின் மேஜை இழுப்பறையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

"கட்டியிருந்தா இன்னேரம்..." என்று இழுத்தார்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அண்ணே, நீங்க எவ்வளவு கட்டினீங்க?"

கேள்வி கத்திரிக்கு.

"நானா? இன்னைக்கா?" கத்திரி காலி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "இன்னைக்குக் கட்டல தங்கச்சி."

"போன வாரம்?"

"போன வாரமும் இல்ல."

"எப்பதான் கட்டினீங்க?"

கத்திரி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் வெட்கம் ஒன்றும் இல்லை. கடையில் கண்ணாடியைத் திருப்பிக் காட்டி பின்கழுத்து போதுமா என்று கேட்கும்போது இருக்கும் அதே முகம். "எனக்கு எதுக்கு அந்த வம்பு? நான் ஆள் சேர்த்து விடறேன். சேர்ற ஆளுக்கு இவ்வளவுன்னு எனக்கு வந்துடும். இதுல ஒளிவு மறைவு ஒண்ணும் இல்ல. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

அத்தான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடமாக அவரிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார். கத்தி தொண்டையில் இருக்கும்போது சிரிக்கவும் செய்வார்.

எனக்கும் உறைத்தது. குதிரையைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன், கை கழுவும் நேரத்தைக்கூடப் பார்த்தேன். சிபாரிசு செய்தவர் ஒரு பைசா வைத்திருக்கிறாரா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆனால் அத்தான் லேசில் விடுகிற ஆள் இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, "இவன் கட்டலேன்னா குதிரை ஜெயிக்கலேன்னு ஆயிடுமா?" என்றார். "கண்ணால பாத்தோம்ல? மாப்ளே, நீயே சொன்னே, திருடன் இல்லேன்னு. அவ்வளவுதான் தீர்ப்பு. நான் எடுக்கறேன்."

படுக்கையறைக்குள் போனார். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்டது. மறுபடி திறக்கும் சத்தம்.

"எங்கடி பை?"

"அங்கதான் இருக்கு. உள்ள பாருங்க."

அத்தான் பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்து மேஜைமேல் உதறினார். ஒரு சாவி விழுந்து சர்க்கரை டப்பாவில் மோதி நின்றது. ஷட்டர் சாவி.

"போன வாரமே குடுத்துட்டேன்" என்றாள் அக்கா. "கடைக்காரர் வேற ஆளுக்குத் தர்றதா இருந்தார்."

"இவன் தீர்ப்பு சொன்னப்புறம்தான்னு பேச்சு!"

"நீங்க தொடக் கூடாதுன்னுதான் பேச்சு. நான் தொடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

"அப்ப இவனை எதுக்கு இத்தனை நாள் உக்கார வச்சே?"

"இவன் பாத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் நீங்க கை வைக்க மாட்டீங்க. சத்தியம் பண்ணா காப்பாத்தற ஆளு நீங்க." அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். அத்தானும் ஒரு நொடி பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பிறகு முகம் மாறியது.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. நான் சரி என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொன்னாலும் அவளுக்கு ஒன்றுதான். அலாரம் வைத்து எழுந்த மதியங்கள் எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு பெரிய கொட்டாவியாக வந்தன. வாயை மூடாமலே விட்டேன்.

கத்திரி எழுந்து தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார், அங்கே முடி ஏதும் இல்லாதபோதும். "நான் வர்றேன் தங்கச்சி. கடை திறந்தா சொல்லு, வர்ற ஆளுங்ககிட்டச் சொல்லி விடறேன்."

"ஆளுக்கு எவ்வளவுண்ணே?" என்றாள் அக்கா.

கத்திரி சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். அத்தான் கைபேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். சாவியைத் தொடவில்லை. "இவன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும்" என்று எங்களுக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார்.

சண்டை வரும் என்று நினைத்தேன். அத்தான் கை ஓங்கினால் பிடிக்க வேண்டுமே என்று வாசல் வரை போனேன். அக்காவும் வந்தாள். கத்திரி ஒரு சுற்றுப் படி இறங்கியிருந்தார். அத்தான் கைப்பிடியில் சாய்ந்து, அந்தக் குரல் செய்திக்காரனைப் போலவே கிசுகிசுத்தார். மாடிப்படிக்குக் கிசுகிசுப்பு ஆகாது. ஒவ்வொரு சொல்லும் மேலே வந்தது.

"ஆள் சேர்த்தா எவ்வளவுடா தர்றான்? எங்க அடுப்புப் பிரிவுல மட்டும் இருபது பேர் இருக்காங்க."

லாயத்துக் குரலில் நிச்சயமாகக் காசு எங்கே இருக்கிறது என்பதை அந்த மாதத்தில் சரியாகக் கணித்தவர் அத்தான் ஒருவர்தான். அதைச் சொல்லலாம் என்று அக்காவைப் பார்த்தேன். அவள் கதவைச் சாத்தினாள். பூட்டில் சாவியைத் திருப்பினாள்.

"அத்தான் வீட்டுச் சாவி எடுத்துட்டுப் போனாரா?" என்று கேட்டேன்.

"ஆணியில தொங்குது பாரு" என்றாள். இன்னொரு சுற்றும் திருப்பினாள்.