கையில் நின்றுபோன ரீங்காரம்

புயலால் இரண்டு டயாலிசிஸைத் தவறவிட்ட மீன் வியாபாரி ஜின்ஃபா, புதன் காலை மனைவி மெய்யூவின் தோளில் சாய்ந்தபடி தைவானின் தைனான் நகரில் உள்ள எங்கள் கிளினிக்குக்கு வந்தார்.

"மூணு சீப்பு வாழைப்பழம் தின்னிருக்காரு, சிஸ்டர்," என்றாள் மெய்யூ.

"வேற என்னத்தைத் தின்றது? உன் சமையலையா?" என்று முனகியபடி படுத்தவர், கண்ணை மூடினார்.

மானிட்டரை மாட்டிவிட்டு, ஊசி குத்துமுன் வழக்கம்போல் அவர் இடது கையைத் தொட்டேன். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த அந்த இடம் எப்போதும் தேன்கூடு போல் ரீங்கரிக்கும். இன்று அசைவே இல்லை.

"குழாய் அடைச்சிருக்கும். திரையைப் பாருங்கக்கா, துடிப்பு அறுபது ஓடுது. தூங்குறாரு," என்றார் டாக்டர் லியாவ்.

கழுத்தில் விரல் வைத்தேன். நாடியும் இல்லை, மூச்சும் இல்லை. திரைக்கு இதயத்தின் மின்சாரம் மட்டும்தான் தெரியும். தசை சுருங்கியதா என்பது தெரியாது. டயாலிசிஸ் இல்லாமல் வெளியேற வழியின்றித் தேங்கிய வாழைப்பழப் பொட்டாசியம் தசையை முடக்கியிருந்தது.

நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். லியாவ் ஷாக் இயந்திரத்தை இழுத்தார்.

"அது உதவாது டாக்டர், மின்சாரம்தான் ஓடுதே! அட்ரினலின் போடுங்க, கால்சியம் போடுங்க!"

மருந்துகளைச் செலுத்திவிட்டு அவரும் அழுத்தினார். அழுத்தும்போது கையில் ரீங்காரம் வந்தது, நிறுத்தினால் நின்றது. நாற்பது நிமிடம் அப்படியே. பிறகு இருவரும் கையை எடுத்தோம்.

"ஏன் விட்டுட்டீங்க? ஓடுதே!" மெய்யூ திரையைக் காட்டினாள். கோடு இன்னும் மெல்லத் துள்ளிக்கொண்டிருந்தது.

அவள் உள்ளங்கையை எடுத்து ஜின்ஃபாவின் கைமேல் வைத்தேன். ஒன்பது வருடம் அந்த ரீங்காரத்தின் பக்கத்தில் தூங்கியவள். அதன்பின் அவள் திரையைப் பார்க்கவில்லை.