போக மறுத்த ஒரு பணியிடம்

காலியாகக் கிடக்கும் நாற்பத்திரண்டு பணியிடங்களைக் கம்பெனி மென்பொருளிலிருந்து அழிக்கச் சொல்லி மேலிடம் பட்டியல் அனுப்பியிருந்தது. கெடு புதன்கிழமை மாலை ஐந்து மணி. அதற்குள் அழியாதது பிழைத்துவிடும். அடுத்த வருடம்வரை யாரும் அதைத் தொட மாட்டார்கள். அழிப்பது என் வேலை. நாற்பத்தொன்று மளமளவென்று போயின. பேக்கிங் பிரிவின் ஒரு பணியிடம் மட்டும் மூன்று நாளாகப் போக மறுத்தது. ‘பதிவு பயன்பாட்டில் உள்ளது, நீக்க இயலாது’ என்று திரும்பத் திரும்ப அதே பாட்டு.

முதலில் மென்பொருளைத்தான் சந்தேகித்தேன். அந்த இடத்தோடு ஆள், ஷிப்ட், அடையாள அட்டை ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்புறம்தான் பூட்டுப் பட்டியலைத் திறந்தேன். ஒரு பதிவைத் திருத்துவதற்காக ஒருவர் திறந்து வைத்திருந்தால், அவர் மூடும்வரை வேறு யாரும் அதை அழிக்க முடியாது. திறந்து வைத்திருந்தவர் என் சகலை. மூன்று நாளும் காலை எட்டு மணிக்குத் திறந்தவர், ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், பேக்கிங் பிரிவில் வருகைப் பதிவு பார்ப்பவர். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. வாய் நிறையச் சிரிப்பார், விஷயத்தைச் சொல்ல மாட்டார். போன மாதம் வீட்டுக்கு வந்தபோதுகூட, தன் தம்பி வேலையில்லாமல் சும்மா இருக்கிறான் என்று பேச்சோடு பேச்சாகப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தம்பிக்கு இடம் பிடித்து வைக்கிறார்.

புதன்கிழமை மதியம் அவர் பிரிவுக்குப் போனேன். எல்லாரும் சாப்பிடப் போயிருக்க, அவர் மட்டும் கணினி முன்னால் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திரையை மறைப்பதுபோல நாற்காலியை நகர்த்தினார்.

“கேன்டீனுக்கு வரலையா சகலை?”

“வேலை கொஞ்சம் கெடக்கு.”

“அப்படி என்ன வேலை?”

“பழைய வேலைதான். நீங்க சாப்பிட்டாச்சா?”

முகத்தில் அசல் திருட்டு முழி.

பூட்டை உடைக்கும் அதிகாரம் எனக்கு உண்டு. உடைப்பதற்கு முன் பதிவைத் திறந்து வைத்திருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டால் கதை விடுவார் என்று நான் கேட்கவில்லை. நாலே முக்காலுக்கு உடைத்தேன், அழித்தேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்ததை மறைப்பானேன்.

ஐந்து நிமிடத்தில் அவரே என் அறைக்கு வந்தார். அந்தச் சிரிப்பு இல்லை.

“அழிச்சிட்டீங்களா?”

“உங்க தம்பிக்கு வேற எடம் பாருங்க.”

“தம்பிக்கா?” புரியாமல் பார்த்தார். “அவனுக்குப் போன வாரமே வேற எங்கயோ வேலை கெடச்சிருச்சு. இது லேபிள் ஒட்டுற அக்காவோட எடம். கிட்னி ஆபரேஷன் பண்ணிட்டு வீட்ல இருக்காங்களே, அவங்க.”

சம்பளமில்லாத விடுப்பு ஆறு மாதம் தாண்டினால், மென்பொருள் ஆளைத் தனியாகக் காத்திருப்போர் பட்டியலுக்குத் தள்ளிவிடும். இடம் காலி என்று காட்டும். அப்படி அமைத்ததே நான்தான். எங்கெங்கோ தேடிய நான் அந்தப் பட்டியலை மட்டும் பார்க்கவில்லை.

“ரெண்டு தடவை மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன், பதிலே இல்ல. இன்னிக்கு அஞ்சு மணி தாண்டிட்டா போதும்னு உக்காந்திருந்தேன். திங்கக்கிழமை வேலைக்கு வர்றாங்க.”

அழித்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை. புதிதாக இடம் கேட்கலாம். இந்த வருடம் புது இடம் கிடையாது என்ற சுற்றறிக்கை என் மேஜைமேலேயே கிடந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

மாட்டேன். அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

“திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கெல்லாம் அக்கா வந்துடுவாங்க,” என்றார் சகலை. “வாசல்ல நின்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது.”